சித்திரை வெயிலில் கொடைக்கானலுக்கு சைக்கிளில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

மதுரையில் கியர் சைக்கிள் வாங்கிய எவரும் ஆறு மாதத்துக்குள் கொடைக்கானலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அதுவும் சித்திரை, வைகாசியில்தான் பேச்சு வரும். பிள்ளைகளுக்கு லீவு, ஊரில் அனல், மேலே குளிர். ஆசையில் தப்பில்லை. ஆனால் எல்லாரும் மலையை நினைத்தே பயப்படுகிறார்கள், எத்தனை வளைவு, எவ்வளவு செங்குத்து, நடுவில் இறங்கித் தள்ள வேண்டியிருக்குமா என்று. நான் பார்த்தவரை ஆளைச் சாய்ப்பது மலை இல்லை. மலைக்கு முன்னால் கிடக்கிற தட்டை ரோடுதான்.

என் முதல் முயற்சியைச் சொல்கிறேன். மே மாதம். பொங்கல், வடை எல்லாம் சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகக் காலை 6.30-க்குக் கிளம்பினேன். நிலக்கோட்டை வரை ராஜா மாதிரி போனேன். வத்தலக்குண்டில் மணி பத்து, அப்போதே ஹேண்டில்பாரைத் தொட முடியவில்லை. மலை ஏற்றம் ஆரம்பிக்கிற காட்ரோடு போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால் இருக்கும். வேர்ப்பது நின்றுபோய் உடம்பெல்லாம் சிலிர்த்தது, தலை சுற்றியது. ஒரு டீக்கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தலையில் ஒரு சொம்புத் தண்ணியை ஊற்றிவிட்டு, "ஏப்பா, ஆடு மாடே நெழல்ல ஒதுங்கி நிக்கிது, நீ எங்கப்பா போற?" என்றார். அன்றைக்கு நான் கொடைக்கானலைப் பார்க்கவில்லை, கொடைக்கானல் முட்டைக்கோஸைத்தான் பார்த்தேன். மதுரைக்கு லோடு ஏற்றிவந்த லாரியில் மூட்டைகளுக்கு மேல் சைக்கிள், முன்னால் கிளீனர் சீட்டில் நான். மலையில் ஒரு மிதி கூட மிதிக்கவில்லை.

அதனால் கோடைக்காலத்தில் திட்டம் போடும்போது வரைபடத்தை அப்புறம் எடுங்கள், முதலில் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு நீங்கள் சமவெளியில் இருக்கக் கூடாது, மலைப்பாதையில் வரும் டம் டம் பாறையைத் தாண்டி மேலே போயிருக்க வேண்டும். பகல் ஒரு மணிக்கு ஒரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் மே மாதத்தில் மதியத்துக்கு மேல்தான் மலையில் இடி மின்னலோடு கோடை மழை இறங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் பயணம் அடங்க வேண்டும். மிச்சமெல்லாம் இதிலிருந்து பின்னோக்கிப் போடுகிற கணக்குதான்.

கணக்கு இப்படி. மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். அதில் காட்ரோடு வரைக்கும் 70 கிலோமீட்டர் தட்டை, அதற்கு மேல் 45 கிலோமீட்டர் ஏற்றம். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர், காட்ரோடு பக்கம் 350 மீட்டர் சொச்சம். ஆக 1,750 மீட்டர் ஏற வேண்டும், நூறு மீட்டர் தூரத்துக்கு நாலு மீட்டர் உயரம். சராசரியாகப் பார்த்தால் இது கொடுமையான ஏற்றமே இல்லை. ஆனால் நீளம். ஓரளவு பழகினவர் மணிக்கு 9 கிலோமீட்டர் போனால் மிதிப்பதற்கு மட்டும் ஐந்து மணி நேரம், நிற்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதாவது காலை 5.45-க்கு காட்ரோட்டில் ஏற ஆரம்பித்தால் பகல் 12.15-க்குள் ஏரிக்கரையில் நிற்கலாம். அதே நாளில் மதுரையிலிருந்து கிளம்புவதென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். தூக்கமில்லாத கண்ணோடு, இருட்டில், லாரிகளுக்கு நடுவே போய்விட்டு அப்புறம் ஐந்து மணி நேர ஏற்றம் என்பது வீம்பு.

சரி, என்ன செய்வது? மூன்று வழி உண்டு. முதல் நாள் விடியற்காலை நாலு மணிக்கு மதுரையில் கிளம்பி ஏழு, ஏழரைக்கெல்லாம் வத்தலக்குண்டு போய், லாட்ஜில் அறை போட்டுப் பகல் முழுக்கத் தூங்குவது, மறுநாள் ஐந்து மணிக்கு மலைக்குக் கிளம்புவது. ஒரு நாள் வீணாகப் போகிறதே என்று தோன்றும், ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான், கால் இளகியிருக்கும், தூக்கமும் கிடைக்கும். இரண்டாவது, முந்தின நாள் சாயங்காலம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி சைக்கிளோடு வத்தலக்குண்டில் இறங்குவது. மூன்றாவது, வீட்டு ஆளோ நண்பரோ காரில் கொண்டுவந்து விடியும்முன் காட்ரோட்டில் இறக்கிவிடுவது. இதில் மானக்கேடு எதுவும் இல்லை, மலையைத்தானே மிதிக்க வந்தோம். ஆனால் அந்தக் கார் கொடைக்கானல் வரை கூடவே வருவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது, சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். முந்தின ராத்திரி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.

முதல் நாள் மிதித்துப் போவதானால் நாலுவழிச் சாலையை விட்டுவிட்டு கோச்சடை, மேலக்கால், சோழவந்தான் வழியாக நிலக்கோட்டை போய்ப் பாருங்கள். வைகையை ஒட்டித் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாக விடியற்காலையில் நன்றாகக் குளுகுளுவென்று இருக்கும். பின்னால் சிவப்பு லைட்டு, முன்னால் வெளிச்சம், உடம்பில் ஒளிபடும் பட்டை, இவை கட்டாயம். நிலக்கோட்டைப் பக்கம் பூ ஏற்றின வண்டிகள் அந்த நேரத்தில் பறக்கும், அவர்களுக்கு மார்க்கெட் அவசரம், நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

எந்த நாள் போவது? செவ்வாய், புதன், வியாழன். சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் ஆரம்பிக்கும் கார் வரிசை ஊருக்குள் வரை நிற்கும். சைக்கிள்தானே, இடுக்கில் புகுந்து போய்விடலாம் என்று நினைப்பீர்கள். ஏற்றத்தில், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களுக்கு நடுவே அந்தப் புகையை இழுத்து மூச்சு வாங்கிப் பார்த்தால் தெரியும்.

இப்போது பயிற்சி. மதுரை தட்டை ஊர். தெப்பக்குளத்தைச் சுற்றி நூறு சுற்று வந்தாலும் மலைக்கு அது பயிற்சி ஆகாது. பக்கத்தில் கிடைக்கும் நல்ல ஏற்றம் அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்குப் போகும் மலைப்பாதை. சின்னதுதான், ஆனால் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி என்று ஒரே காலையில் மூன்று முறை போனால் தொடை பேசும். விசேஷ நாட்களில் போகாதீர்கள், கூட்டத்துக்கு நடுவில் சைக்கிளோடு மல்லுக்கட்ட முடியாது. தேனி ரோட்டில் ஆண்டிப்பட்டிக் கணவாய் இன்னொன்று, ஏற்றம் லேசுதான், ஆனால் போக வர மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும், அதனால் சீட்டில் நெடுநேரம் உட்கார்ந்து பழக நல்லது. உண்மையான பரீட்சை சிறுமலை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு. அதை விடியற்காலையில் காலைத் தரையில் ஊன்றாமல் ஏற முடிந்தால் கொடைக்கானலுக்கு நாள் குறிக்கலாம். முடியவில்லை என்றால் இன்னும் நாலு வாரம் ஓட்டுங்கள், அவ்வளவுதான், மலை எங்கேயும் போகாது. சிறுமலை வாழைப்பழத்தை அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள், அதற்காகவே இன்னொரு முறை போகத் தோன்றும்.

வண்டியில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கியர். கடையில் எடையைப் பற்றித்தான் அளப்பார்கள், இது 9 கிலோ, அது 8 கிலோ என்று. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு கிலோ பெரிய விஷயம் இல்லை, வயிற்றிலேயே அதைக் குறைக்கலாம். பற்களை எண்ணுங்கள். முன்னால் சின்னப் பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பற்சக்கரத்திலும் 34 பல் இருந்தால், மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றும். அது சுகமான சுற்று. பின்னால் 25 பல்தான் என்றால் அதே வேகத்தில் 52 சுற்றுதான் வரும், ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு எடையைப் போட்டு அழுத்த வேண்டும், மூன்றாவது மணி நேரத்தில் முழங்கால் அழ ஆரம்பிக்கும். பின்பக்கப் பற்சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சில வண்டிகளில் செயினைப் பல் விட்டுப் பல் நகர்த்தும் பின் டிரெய்லியரையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், மெக்கானிக்கிடம் கேளுங்கள். மாற்றினால் செயின் நீளத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டியூப் இரண்டு, டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, அலன் சாவிகள், செயின் அறுந்தால் மாட்ட ஒரு இணைப்புக் கண்ணி. இவ்வளவும் உங்களிடமே இருக்க வேண்டும். வத்தலக்குண்டில் சைக்கிள் கடை உண்டு, நல்ல கைக்காரர்களும் உண்டு, ஆனால் நம் மெல்லிய டயருக்கான டியூப் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஒல்லியான பிரஸ்டா வால்வாக இருந்தால் அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும், ஐம்பது ரூபாய் சமாசாரம், பெட்ரோல் பங்கில் காற்று அடிக்க அது இல்லாமல் முடியாது.

சாப்பாடு, தண்ணீர். உங்கள் எடை 70 கிலோ, வண்டியும் பையும் 14 கிலோ என்றால், அந்த 1,750 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 1,400 கலோரி எரியும். காலையில் நாலு இட்லி சாப்பிட்டதெல்லாம் டம் டம் பாறைக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். பசித்தால் சாப்பிடலாம் என்று இருக்காதீர்கள், பசி வந்த பிறகு மலையில் ஒன்றும் செய்ய முடியாது. முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழம், ரெண்டு கடலை மிட்டாய், இடையிடையே பேரீச்சை. கடையில் விற்கும் பளபள உறை எனர்ஜி ஜெல்லை நானும் வாங்கித் தின்று பார்த்தேன், வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் மருந்துக்கடை ஓஆர்எஸ், இல்லாவிட்டால் வீட்டிலேயே ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது, கெண்டைக்கால் பிடிக்கும், தலைவலிக்கும். காட்ரோட்டில் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, அதனால் வழியில் வாங்கி மாட்டிக்கொள்ளாமல் சொந்தப் பாட்டிலையே நிரப்பி நிரப்பிப் போங்கள்.

ஏற ஆரம்பித்ததும் எல்லாரும் செய்யும் தப்பு, முதல் பத்து கிலோமீட்டரை வேகமாகப் போவது. விடிகாலைக் குளிர், கால் புதுசு, நாலு சதவீதம்தானே என்ற தெம்பு. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கி வார்த்தை வார்த்தையாக வந்தால் வேகம் அதிகம், ஒரு கியர் குறையுங்கள். தனியாகப் போனால் பாடிப் பாருங்கள், மலையில் யார் கேட்கப்போகிறார்கள்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் இடது ஓரமாகப் போகிறவர்கள், அதனால் வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும், அது நீளமானாலும் ஏற்றம் குறைவு, அங்கே மூச்சை ஆற்றிக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம், அங்கே ரோடு திடீரென்று நிமிர்ந்து நிற்கும். வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றினால் செயின் கடகடவென்று முனகும், சில நேரம் கழன்றே விடும். முன்னாலேயே மாற்றிவிடுங்கள். மேலேயிருந்து பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி, ஆனால் பஸ் திரும்புவதற்கு முழு ரோடும் வேண்டும், அந்த டிரைவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது.

டம் டம் பாறையில் நிற்கலாம். எதிரே தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், 297 மீட்டர் உயரம். கோடையில் வாலும் மெலிந்துதான் இருக்கும். கீழே மஞ்சளாறு அணை தெரியும். படம் எடுக்கும்போது சைக்கிளை விட்டு நகராதீர்கள், குரங்குகள் ஹேண்டில்பார் பையை ஜிப் திறந்து எடுக்கும், அப்புறம் உங்கள் வாழைப்பழத்தை உங்கள் கண் முன்னாலேயே உரித்துத் தின்னும். பழத்தைச் சட்டையின் பின்பாக்கெட்டில் வைத்தாலும் பின்னால் ஏறிவிடும் ஜாக்கிரதை. அதற்கு மேல் ஊத்து, பண்ணைக்காடு பிரிவு என்று காற்று மாற ஆரம்பிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு, ஊத்தில் காபி குடிக்கும்போது அது தோலுக்கே தெரியும். பெருமாள்மலையில் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். அங்கிருந்து பார்த்தால் வந்துவிட்ட மாதிரி இருக்கும், வந்திருக்காது. வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அப்புறமும் எட்டு கிலோமீட்டர் மிச்சம், அந்த எட்டுதான் எனக்கு மொத்தப் பயணத்திலும் நீளமானதாகப் பட்டது.

வழியில் மழை பிடித்தால் ஏதாவது கடையில் ஒதுங்கி உட்காருங்கள், மரத்தடி வேண்டாம். இருட்டும்வரை இழுத்தடிக்காதீர்கள். சாயங்காலம் ஆனால் காட்டுமாடு ரோட்டுக்கு வரும், அது நகரும்வரை நாம் நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கொடைக்கானலே ஏன், வேறு மலை இல்லையா என்றால் உண்டு. போடியிலிருந்து போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவு, 26 கிலோமீட்டர் ஏற்றம், கொடைக்கானலில் பாதிதான், முதல் மலைக்கு அதுவே சரி என்பேன். ஆனால் பூப்பாறை, தேவிகுளம் என்று மூணாறு வரை நீட்டினால் அது வேறு கதை, இரண்டு நாள் வேண்டும். மேகமலை அழகுதான், சின்னமனூரிலிருந்து ஏற வேண்டும், ஆனால் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உள்ள இடம், தென்பழனி சோதனைச்சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்காமல் போகக் கூடாது. கொடைக்கானலுக்கே பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஒரு ரோடு இருக்கிறது, குறுகல், செங்குத்து, மழைக்கு மண் சரியும். முதல் தடவை போகிறவர்கள் அதை மறந்துவிடுங்கள். எங்கே போனாலும் கோடையில் தார் ரோட்டை விட்டுக் காட்டுப் பாதையில் சைக்கிளைத் திருப்ப வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்தது இதே போடிக்கு மேல்தான். காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு நாம் ஓட முடியாது.

கடைசியாக இறக்கம். ஏற்றத்துக்கு ஆறு வாரம் பயிற்சி எடுப்பவர் இறக்கத்துக்கு ஒரு நாளும் எடுப்பதில்லை. கொடைக்கானலில் மே மாதத்திலும் விடியற்காலை 12, 13 டிகிரி இருக்கும், காற்றில் இறங்கும்போது விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. விரல் முழுக்க மூடும் கையுறையும் காற்றுப் புகாத மேல்சட்டையும் வேண்டும், இல்லையா, பழைய செய்தித்தாள் இரண்டு தாளைச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே வேலை செய்யும். பனிமூட்டம் இருந்தால் விலகும்வரை டீக்கடையில் இருங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்து, அப்புறம் விட்டு, ரிம் ஆற விடுங்கள். என் கூட வந்த நண்பர் பயத்தில் பிரேக்கை விடவே இல்லை, டம் டம் பாறைக்குக் கொஞ்சம் மேலே ரிம் கொதித்து டியூப் பட்டென்று வெடித்தது, நல்லவேளை நேர் ரோடு. டிஸ்க் பிரேக்கும் சூடாகும், ஆனால் டியூப்பைத் தொடாது. கிளம்பும் முன் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மழையில் நனைந்த மண்ணோடு ஒரு இறக்கம் இறங்கினால் பாதிக் கட்டை போய்விடும்.

ஆறரைக்குக் கிளம்பினால் எட்டரை வாக்கில் காட்ரோடு வந்துவிடும். மேலே போட்டிருந்த சட்டையை அங்கே கழற்றும்போது மூஞ்சியில் அடிக்கும் அனலுக்கு மயங்கிவிடாதீர்கள், மதுரை வரை மிதித்தே போய்விடுவோம் என்ற வீராப்பு சரியாக அந்த நேரத்தில்தான் வரும். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிவிட்டால் அது சைக்கிள் மாதிரியே இருக்காது, கண்டக்டரும் முணுமுணுக்காமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்துத் தருவார். செயினில் இருக்கும் கிரீஸ் பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் படாமல் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் வையுங்கள்.